ஆட்டத்துக்கு முதுகு காட்டியவர்

டெல்லி மயூர் விஹாரில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலையில் பக்கத்து மைதானத்தில் தமிழர் கால்பந்து அணியின் பயிற்சி ஆட்டம் நடக்கும். ஒரு ஞாயிறு அங்கே போனபோது கோல் கம்பத்துக்குப் பின்னால், தலையில் ஈரத் துண்டு போட்ட நாகர்கோவில்காரர் ஒருவர், டாக்சி டிரைவர், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். வயதாகிவிட்டது என்று பழைய கோல்கீப்பரை இந்த சீசனுக்கு நீக்கிவிட்டார்களாம். அதற்கு எதிர்ப்பு. நான் அவர் பக்கத்தில் ஆட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தேன்.

அணியின் மேனேஜர் வந்து அவரிடம் கெஞ்சினார். "அண்ணே, திரும்பி உக்காருங்க. பந்து எடுக்க வர்றப்பல்லாம் உங்க முதுகப் பாத்துப் புதுப் பையன் பதறுறான்."

"பதறட்டும். அவன எடுத்தது நீதானே? நீயே பாரு."

திடீரென்று மைதானம் ஆரவாரித்தது. அவர் திரும்பாமலே என் முழங்காலைத் தட்டினார்.

"லேய் மக்கா, கோலா?"

"இல்லண்ணே. பாஞ்சு புடிச்சிட்டான்."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

கொஞ்சம் யோசித்தார். "இடது பக்கம் பழையவனுக்கே வராது. ஆனாலும் அவன நீக்கினது தப்புதான் மக்கா."

ஆட்டம் முடியும்வரை அவர் திரும்பவே இல்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளோடு வந்தார். தன்னுடையதைச் சுவரைப் பார்த்துப் போட்டார். என்னுடையதை மைதானத்தைப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார்.