ராமப்பனுக்கு நாற்பத்தொன்று

நியாயமாக நடந்துகொள்ள வேண்டுமென்றால், தெரிந்தவரைத் தெரியாதவராகத்தான் பார்க்க வேண்டுமா? சௌந்தரராஜனைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில் வந்து நின்றுவிடுகிறேன். அவர் இதை இப்படிக் கேட்டதில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு கார் ஷெட் கட்ட வேண்டும், அதை யாரிடம் கொடுப்பது என்றுதான் கேட்டார்.

அருப்புக்கோட்டைக்காரர். டிப்ளமோ முடித்த கையோடு ஓசூருக்கு வந்து, வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். பிற்காலத்தில் அவருடைய வேலை, கம்பெனிக்குப் பொருள் செய்து தரும் சின்னப் பட்டறைகளுக்குப் போய் நூற்றுக்கு மதிப்பெண் போடுவது. அறுபதுக்குக் கீழே போனால் ஆர்டர் கிடையாது. ஒருமுறை மனைவி வீரலட்சுமியின் தம்பி வெளியூரில் நடத்திய பட்டறைக்கே ஐம்பத்தெட்டு போட்டுவிட்டு வந்தார். அந்த அம்மாள் ஒரு மாதம் பேசவில்லை. நேர்மையானவர் என்று கம்பெனியில் சொல்வார்கள். பக்கத்து வீட்டில் பதினாறு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அந்தச் சொல்லை நான் அவ்வளவு சீக்கிரம் கொடுத்துவிட மாட்டேன். ஒரே அளவுகோலை எல்லோர்மீதும் வைத்தார் என்பதுவரை சொல்லலாம்.

அவருடைய வீட்டை 1997இல் கட்டியவர் ராமப்பன். சானமாவு காட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்தைச் சேர்ந்த மேஸ்திரி. வீட்டில் தெலுங்கு, சித்தாள்களிடம் கன்னடம், நம்மிடம் தமிழ். பதினோரு மாதம் வேலை நடந்தது. சௌந்தரராஜன் ஷிஃப்ட் முடிந்து வந்து, பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு, ராமப்பனோடு சேர்ந்து சுவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுவார். கிரகப்பிரவேசத்தன்று ராமப்பனுக்கு வேட்டியும் துண்டும் வைத்துக் கொடுத்து, தன் அண்ணனுக்குப் பக்கத்து இலையில் உட்கார வைத்தார். பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் ராமப்பன் ஒரு பை நிறைய அவரைக்காயோடு வருவார். அவர் மகள் முனிலட்சுமியின் கல்யாணத்தில் சௌந்தரராஜனும் வீரலட்சுமியும் பெண்வீட்டார் வரிசையில் நின்றார்கள். சொந்த ஊரை விட்டு நெடுந்தூரம் வந்தவர்களுக்கு உறவு என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே வீடு அது.

2005இல் சௌந்தரராஜன் ஒரு பழைய மாருதி கார் வாங்கினார். வீட்டை ஒட்டி ஷெட் போட்டால் படுக்கையறை ஜன்னல் அடைபடும். அதனால் பின்மூலையில் தனியாக, பன்னிரண்டுக்கு இருபது அடி என்று வரைதாளில் போட்டுப் பார்த்தார். பிறகு கட்டுபவரைத் தேர்ந்தெடுக்க ஒரு படிவம் தயாரித்தார்.

"மேஸ்திரிக்குச் சொல்லி விட்டா நாளைக்கே கடக்கால் எடுத்துருவாரு. இதுக்கு எதுக்குங்க பேப்பரு?" என்றார் வீரலட்சுமி.

"தெரிஞ்சவருன்னு தூக்கிக் குடுக்கக் கூடாது. ரெண்டு பேரையாவது பாக்கணும். அதுதான் முறை."

"உங்க முறையிலதான் என் தம்பி பட்டறை மூடுச்சு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமப்பன் வந்தார். அன்று நானும் அந்தக் கூடத்தில் இருந்தேன். சௌந்தரராஜன் படிவத்தை அட்டையில் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"எத்தனை வருச அனுபவம்?"

"உங்களுக்குத் தெரியாதா சார்?"

"நீங்க சொல்லுங்க, எழுதணும்."

"இருபத்தாறு."

"பிளான் வரைஞ்சு குடுப்பீங்களா?"

"தரையில சுண்ணாம்புல போட்டுக் காட்டுறேன். நீங்க உள்ள நின்னே பாத்துக்கலாம்."

"போன தடவ ஒம்போது நாள் வேலைக்கு வரல."

"சானமாவுல யானை நின்னுக்கிச்சு, ஃபாரஸ்ட்காரங்க ரோட்டை மறிச்சிட்டாங்க. யானைகிட்ட லெட்டர் வாங்கியாரட்டுமா சார்?"

வீரலட்சுமி சிரித்துவிட்டார். சௌந்தரராஜன் ஒன்பது நாள் என்று எழுதினார்.

"உங்க வேலையப் பத்திச் சொல்றதுக்கு யாராவது ஒருத்தர். பேரு, அட்ரஸ்."

"வேற யாரு, நீங்கதான் சார்."

"நான் மார்க் போடுறவன். நானே சாட்சியாவும் இருக்க முடியாது மேஸ்திரி. வேற ஆளு சொல்லுங்க."

ராமப்பன் தான் கட்டிய சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அதை விட்டுருங்க சார். எழுத வேணாம்."

அந்தக் கட்டத்தில் இருபதுக்குப் பூஜ்யம் விழுந்தது.

கிளம்பும்போது ராமப்பன் பின்மூலைக்குப் போய் நின்று சொன்னார்: "சார், இந்த மூலை வேணாம். வீட்டுப் பேஸ்மட்டத்துக்கு மண்ணு இங்கதான் எடுத்தோம். ஆள் ஆழம் இருக்கும். அப்புறம் ஒடஞ்ச செங்கல்லும் குப்பையும் போட்டு மூடுனது. முன்பக்கம் போடுங்க."

"எவ்வளவு ஆழம், என்ன போட்டு மூடுனீங்கன்னு எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

"மூடுனது நான்தானே சார்."

சௌந்தரராஜன் படிவத்தின் அடியில் 'வாய்மொழித் தகவல், பதிவு இல்லை' என்று குறித்தார். அந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் அவர் மாதக்கணக்கில் சுவருக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். மறந்திருக்க வாய்ப்பில்லை. தன் நினைவையும் அவர் ஆதாரமாக ஏற்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து வந்த அஸ்வின் என்ற இளம் இன்ஜினியர் கம்ப்யூட்டர் வரைபடமும், மூன்று வாடிக்கையாளர்களின் கடிதங்களும் கொண்டுவந்தார். அவருக்கு எண்பத்தாறு. ராமப்பனுக்கு நாற்பத்தொன்று.

இதோடு நிறுத்தியிருந்தால் ராமப்பன் மறந்திருப்பார். ஆனால் தேர்வாகாத பட்டறைகளுக்குக் காரணத்தோடு கடிதம் அனுப்புவது சௌந்தரராஜனின் கம்பெனி வழக்கம். சொல்லாமல் விடுவதுதான் அவமரியாதை என்று அவர் உண்மையாகவே நம்பினார். 'தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. தாங்கள் பெற்ற மதிப்பெண் நூற்றுக்கு நாற்பத்தொன்று. தற்சமயம் தங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை' என்று எழுதி, தபால்தலை ஒட்டி, ராமப்பனின் கிராமத்துக்கு அனுப்பினார். ராமப்பனுக்குத் தமிழ் படிக்க வராது. பிறந்த வீட்டுக்கு வந்திருந்த முனிலட்சுமி, தபால்காரர் நின்றுகொண்டிருக்கும்போதே உரக்கப் படித்துவிட்டாள். அவளே பிற்பாடு மார்க்கெட்டில் வீரலட்சுமியிடம் சொன்னது இது. "எங்கப்பா அதை மடிச்சு சட்டைப் பாக்கெட்ல வெச்சிக்கினாரு. அப்படியே வேலைக்குப் போயிட்டாரு, அக்கா" என்றாளாம்.

ஆடிக்கு முன்பே ஷெட் எழுந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. முதலில் தரை ஒருபக்கம் இறங்கியது. பிறகு பின்சுவரில் மூலையிலிருந்து மேலே விரிசல் ஓடியது. ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. காரைப் பின்னால் எடுத்துத் தெருவில் நிறுத்தினார்கள்.

அஸ்வின் வந்து வரைபடத்தை விரித்தார். "மூடுன பள்ளம்னு எங்கிட்ட யாரும் சொல்லலயே சார். சொல்லியிருந்தா ஆழமாப் போயிருப்பேனே."

அவர் சொன்னதில் பிழையில்லை. அந்தத் தகவல் படிவத்தின் அடியிலேயே தங்கிவிட்டது. சௌந்தரராஜன் அவரோடு சண்டை போடவில்லை. "தப்பு எம்மேலதான்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அவரை நான் மதித்த சில தருணங்களில் அது ஒன்று.

அந்தப் பொங்கலுக்கு ராமப்பன் வரவில்லை. வீரலட்சுமி இரண்டு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்தா என்ன?" என்று கணவரிடம் கேட்டார். அவர் சட்டை மாற்றிக்கொண்டு ராமப்பனின் ஊர் வழியாகப் போகும் ராயக்கோட்டை பஸ் நிற்கும் இடம்வரை போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். பஸ் இல்லை என்றார். அந்த வழியில் அரை மணிக்கு ஒரு பஸ் உண்டு.

மாசி மாதம் ஒரு காலையில் ராமப்பன் தானாகவே வந்தார். முனிலட்சுமி மூலம் விஷயம் போயிருக்க வேண்டும். கையில் கடப்பாரையும் அளவு டேப்பும் இருந்தன. நேராகப் பின்பக்கம் போய், விரிசலில் விரலை விட்டுப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து தரையைத் தட்டினார். மதில் இந்தப்பக்கம் நின்றிருந்த என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பின்னாலேயே வந்து நின்ற சௌந்தரராஜனிடம் சொன்னார்:

"பையன் சுவரை நல்லாத்தான் கட்டியிருக்கான் சார். கீழதான் ஒண்ணுமில்ல. மூணு எடத்துல கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் தோண்டி, சைஸ் கல்லு கட்டித் தூக்கிட்டா நின்னுக்கும். பத்து நாள் வேலை."

சௌந்தரராஜன் பாதியில் சிக்கி நின்ற ஷட்டரைப் பார்த்தார்.

"நானே பண்ணிக் குடுக்கறேன். பேப்பரெல்லாம் வேணாம்."

வீரலட்சுமி காபி கொண்டுவந்தார். அவர் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது. "எப்ப ஆரம்பிக்கலாம் மேஸ்திரி?" என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றார் சௌந்தரராஜன்.

"சார்?"

"வேண்டாம் மேஸ்திரி."

"வேற யாரையாச்சும் வெச்சுப் பண்றீங்களா?"

"இல்ல."

ராமப்பன் காபியை முழுவதும் குடித்தார். டம்ளரைக் கழுவி வைக்கப் போனவரை வீரலட்சுமி தடுத்து வாங்கிக்கொண்டார். கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் போனார். அதன் பிறகு அவர் அந்த வீட்டுக்கு வரவில்லை. சௌந்தரராஜனும் அங்கே போகவில்லை.

மூன்று ஆண்டுகள் கார் தெருவில் வெயிலிலும் மழையிலும் நின்றது. பிறகு அதை விற்றுவிட்டார். ஷெட்டைச் சரிசெய்யவும் இல்லை, இடிக்கவும் இல்லை. ஏன் வேண்டாமென்றீர்கள் என்று வீரலட்சுமி எத்தனையோ முறை கேட்டார். நானும் ஒருமுறை கேட்டேன். அவர் அந்தப் பழைய படிவத்தை எடுத்துவந்து, 'பதிவு இல்லை' என்று தான் எழுதிய அடிவரியைக் காட்டினார்.