குரைக்கும் ஐரிஷ் பாடல்களும் பாபகூரா ரயிலும்

மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து பாபகூராவுக்குப் போய்வந்ததைப் பயணம் என்று எழுதினால் ஆக்லாந்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சனிக்கிழமை காலை நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் காரில் அரை மணி நேரம்தான். எங்களுக்குப் பஸ், ரயில், நடை எல்லாம் சேர்த்து இரண்டே முக்கால் மணி நேரம் பிடித்தது. அதில் பதினேழு நிமிடம் நான் உயிரோடு இருந்தேனா என்பதே எனக்கு நிச்சயமில்லை. பக்கவாதத்திலிருந்து தேறிவரும் ஒருவரை வெளியே கூட்டிக்கொண்டு போகத் தயங்குகிறவர்கள் இதை வாசித்தால் நல்லது.

என் கணவர் யோகன் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். இந்த நகரத்தின் பாதிக் கட்டடங்களில் அவர் கை பட்டிருக்கிறது. போன ஆகஸ்டில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவரின் வலது கை அப்படியே தொங்கிப்போனது. கை ஓரளவு திரும்பிவிட்டது. கால், தடியோடு நடக்கும் அளவுக்கு வந்துவிட்டது. பேச்சுத்தான் சிரமம். சொல் தெரியும், வாய்க்கு வராது. வந்தாலும் வேறொன்று வரும். கரண்டியைக் கேட்க நினைத்து, உட்காரும் கதிரையைக் கேட்பார்.

எனக்கு அதைவிடப் பெரிய துக்கம் ஒன்று இருந்தது. இந்த மனிதர் சொற்களை வைத்து விளையாடாமல் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. வங்கியிலிருந்து வீட்டுக் கடனுக்கான மோர்ட்கேஜ் கடிதம் வந்த அன்று, "மோரும் வந்திட்டுது, கேஜும் வந்திட்டுது, இனி நாங்கள்தான் உள்ளுக்குப் போகவேணும்" என்றவர். கேஜ் என்றால் ஆங்கிலத்தில் கூண்டு. இருபத்தாறு வருடம் இதையெல்லாம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டவள் நான். ஏழு மாதமாக ஒன்றுகூட இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் ஒருமுறை வெட்கத்தை விட்டுக் கேட்டேன். சொற்கள் மெல்ல மெல்ல வரும், பகிடி எப்போது வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். சனம் கூடும் இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னவரும் அவர்தான்.

அப்போதுதான் மல்லிகாவின் அழைப்பு வந்தது. மல்லிகா மதுரைக்காரி. முன்பு என்னோடு ஒரே மருந்துக்கடையில் வேலை செய்தவள், இப்போது பாபகூராவில் இருக்கிறாள். கைவிடப்பட்ட நாய்களைப் பராமரிக்கும் காப்பகம் ஒன்றில் வார இறுதிகளில் உதவி செய்கிறாள். காப்பகத்துக்குப் பணம் சேர்க்க மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஐரிஷ் இசை நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், வாசிக்கப்போகும் பழைய ஐரிஷ் பாடல்களின் தலைப்பு ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லை மாற்றி நாயை உள்ளே விட்டிருந்தார்கள்.

"அண்ணாவுக்குப் பிடிக்கும்க்கா. கண்டிப்பா கூட்டிட்டு வாங்க" என்றாள்.

மருத்துவர் யோகனுக்கு இன்னும் கார் ஓட்ட அனுமதி கொடுக்கவில்லை. எனக்கு நெடுஞ்சாலையில் ஓட்டப் பயம். ஆகவே பஸ்ஸும் ரயிலும்.

காலை 10:05க்கு டொமினியன் வீதியில் பஸ் ஏறினோம். சாரதி யோகன் உட்காரும்வரை பஸ்ஸை எடுக்கவில்லை. 10:43க்கு நகர மையத்தில் இறங்கி, மெதுவாக நடந்து, லிஃப்டில் கீழே போய் 11:08 ரயிலைப் பிடித்தோம். அந்த லிஃப்டின் கதவு மூடும் சத்தத்தைக் கேட்டு யோகன் முகத்தைச் சுளித்தார். தொழில் புத்தி போகவில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

ரயிலில் கதவுக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தது. மிடில்மோரில் குழந்தை வண்டியோடு ஒரு பெண் ஏறினாள். அவளுக்கு இடம் விட்டு நான் நாலு இருக்கை தள்ளிப் போய் இருந்தேன். அதே நேரம் வெலிங்டனிலிருந்து மகள் அபிரா போன் எடுத்தாள். அப்பா எப்படி என்று அவள் ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழில் பதில் சொல்லிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன். ரயில் நின்றது, கதவு திறந்தது, மூடியது. திரும்பிப் பார்த்தால் யோகனின் இருக்கை காலி.

அவர் வெளியே, மேடையில் நின்றார். தடியை ஊன்றிக்கொண்டு பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாபடோய்டோய். பாபகூரா அல்ல. நான் கதவுப் பொத்தானை அடித்தேன், கண்ணாடியை அடித்தேன், "இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன். ரயில் நகர்ந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை.

அவருடைய போன் என் கைப்பையில் இருந்தது. பணப்பை என் கைப்பையில் இருந்தது. பயண அட்டையும் என் கைப்பையில்தான். எல்லாவற்றையும் நானே பத்திரமாக வைத்திருந்தேன்.

குழந்தை வண்டிப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த ஸ்டேஷன் மூன்று நிமிடம்தான். இறங்கி எதிர்ப்பக்க ரயிலில் திரும்பிப் போங்கள். அவர் அங்கேதான் நிற்பார்" என்றாள். ரயில் ஊழியர் ஒருவர் வந்து, யோகனின் சட்டை நிறத்தைக் கேட்டுத் தன் கருவியில் யாருக்கோ தகவல் சொன்னார். நீலச் சட்டை என்பதற்குப் பதில் பச்சை என்று சொல்லிவிட்டு, பிறகு திருத்தினேன்.

அடுத்த ஸ்டேஷனான புஹினுயில் இறங்கி, மேலே ஏறி, எதிர்ப்பக்க மேடைக்கு வந்தால் அடுத்த ரயிலுக்கு ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடத்தில் நான் நினைக்காதது எதுவும் இல்லை. டெய்ரி என்று இங்கே சொல்லும் எங்கள் தெருமுனைச் சில்லறைக் கடையில் ஜனவரி மாதம் ஒரு நாள் யோகன் பால் கேட்கப் போய், சொல் வராமல் திக்கி, கை நடுங்கி நின்றபோது புதிதாக வேலைக்கு வந்தவன் குடித்திருக்கிறார் என்று நினைத்து வெளியே போகச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவர் தனியே வாசல் தாண்டியதில்லை. இப்போது முன்பின் தெரியாத ஸ்டேஷனில், யாராவது பெயர் கேட்டால் என்ன சொல்லுவார்? பயந்து தண்டவாளப் பக்கம் நடந்தால்?

திரும்பிய ரயில் பாபடோய்டோய்க்குள் நுழையும்போதே ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். நீலச் சட்டை. மேடையில் போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் நரைத்த தாடியோடு ஒரு வெள்ளைக்கார மனிதர், காலடியில் வயலின் பெட்டி. வாய்க்கட்டுப் போட்ட மண்ணிற நாய் ஒன்று யோகனின் முழங்காலில் தலையை வைத்திருந்தது. யோகன் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஓடினேன். பக்கத்தில் போனதும் அந்த வாங்கிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பாப... பாப எண்டு கேட்டுது. இறங்கிட்டன்" என்றார் யோகன், பிழை செய்த பிள்ளை மாதிரி.

தாடிக்காரரின் பெயர் டெக்லன். அயர்லாந்திலிருந்து வந்து இருபது வருடமாகப் பாபடோய்டோயில் இருக்கிறார். நாயின் பெயர் ஸ்பட், அதாவது உருளைக்கிழங்கு. அன்றைய நிகழ்ச்சியில் வயலின் வாசிக்கப் போய்க்கொண்டிருந்தவர், ஓடிவந்தும் எங்கள் ரயிலைத் தவறவிட்டிருக்கிறார்.

"கதவு மூடியதும் நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். பக்கத்தில் நின்ற இவரும் தன் மொழியில் ஏதோ சொன்னார். தொனியைப் பார்த்தால் அதே வார்த்தைதான். அதனால் சேர்ந்து உட்கார்ந்தோம்" என்றார்.

யோகனுக்குச் சொல் வரவில்லை என்பதைக் கண்டவுடன் அவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாராம். தன் அண்ணனுக்கும் இதே பக்கவாதம் வந்ததாம். கேள்வி கேட்டால் மனிதர் இறுகிப்போவார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பையிலிருந்த நிகழ்ச்சி நிரலை யோகனின் கையில் கொடுத்துவிட்டு, அவர் வாசிக்கும்வரை பேசாமல் இருந்திருக்கிறார்.

அந்தத் தாளை நானும் வாங்கிப் பார்த்தேன். பெண்ணின் பெயர் வரவேண்டிய இடத்தில் 'கோலி' என்ற நாயினத்தின் பெயர். கப்பலைக் குறிக்கும் 'பார்க்' என்ற பழைய சொல்லின் கடைசி எழுத்துகளை மாற்றிக் குரைப்பாக்கியிருந்தார்கள். ரோஜா மலரவேண்டிய இடத்தில் நாயின் பாதம். ஒரு தலைப்பில் மட்டும் எதையும் மாற்றவில்லை, ஏனென்றால் அதில் ஏற்கெனவே 'ரோவர்' இருந்தது. ஊர்சுற்றிக்கும் அந்தப் பெயர்தான், பாதி நாய்களுக்கும் அந்தப் பெயர்தான். அந்த வரியில் யோகன் விரலை வைத்துக் காட்டி மறுபடி சிரித்தார்.

பாபகூரா ரயில் வருவதாக அறிவித்தார்கள். எனக்கு எழுந்திருக்கத் தெம்பில்லை. யோகன் தடியை ஊன்றி எழுந்து நின்று, இடது கையை என்னிடம் நீட்டினார். "எழும்பும்" என்றார். பிறகு நாயைப் பார்த்தார். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. நான் சொல்லை எடுத்துக்கொடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இவனுக்கு... எலும்பு. உமக்கு எழும்பு."

இரண்டு வினாடி கழித்துத்தான் எனக்கு விளங்கியது. மறுபடி அழுதேன். ஆனால் இது வேறு அழுகை. டெக்லன் பதறிப்போய், என்ன சொன்னார் என்று கேட்டார். ரயிலில் பாபகூரா வரும்வரை அவருக்கு 'ல'வுக்கும் 'ழ'வுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொண்டு போனேன். குழந்தை வண்டிப் பெண்ணைப் பிறகு காணவில்லை. அவளுக்கு நன்றி சொல்ல முடியாமல் போனதுதான் இன்றுவரை ஒரு குறை.

பாபகூரா ஸ்டேஷனிலிருந்து மண்டபம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எங்கள் நடைக்கு இருபது நிமிடம். 12:50க்குப் போய்ச் சேர்ந்தோம். நுழைவு ஆளுக்குப் பதினைந்து டொலர், தேநீரும் ஸ்கோனும் ஐந்து டொலர். நூறு பேர்வரை இருந்தார்கள், முப்பது நாய்களாவது இருந்தன. வயலின் தொடங்கியதும் இரண்டு நாய்கள் ஊளையிட, மற்றவை சேர்ந்துகொண்டன.

இடைவேளையில் ஒரு போட்டி வைத்தார்கள். உங்கள் மொழியில் ஒரு பாட்டுத் தலைப்பை உருவாக்கி, அதில் நாயை நுழையுங்கள் என்றார்கள். மல்லிகா தாளையும் பேனாவையும் யோகன் முன்னால் வைத்தாள்.

"எழுதிக் குடுங்கண்ணா. பேசுறதை நான் பார்த்துக்குறேன்."

"எழுத்து... வடிவில்லை" என்றார் யோகன். இடது கையால்தான் இப்போது எழுதுகிறார்.

"நாய் படிக்கப் போகுதா? சும்மா எழுதுங்க."

ஒரு ஸ்கோன் தின்று முடிக்கும் நேரம் எடுத்து எழுதினார்: 'வாளெடுத்து வந்தவனே' என்பதை அடித்துவிட்டு, 'வாலெடுத்து வந்தவனே'. மல்லிகா மேடையில் ஏறி, ஒரு எழுத்து மாறினால் வீரனின் வாள் நாயின் வால் ஆகிவிடும், எல்லாம் நாக்கை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் என்று விளக்கினாள். மண்டபம் முழுக்க நாக்கை மடித்து 'ள' சொல்லிப் பார்த்தது. ஒருவருக்கும் வரவில்லை. யோகன் இருந்த இடத்திலிருந்தே, "வாள்" என்றார், திருத்தமாக. எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். எங்களுக்கு இரண்டாம் பரிசு, ஒரு பெரிய பொதி நாய் பிஸ்கட். வீட்டில் நாய் இல்லாததால் அதை ஸ்பட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். அதன்பிறகு தேநீர்க் கோப்பையைக் காட்டி, "இந்தக் கதவு சூடு" என்றார். ஆனால் தான் சொன்னது பிழை என்று தெரிந்து தானே சிரித்தார். அதற்கு முந்திய ஏழு மாதமும் அந்த இடத்தில் கோபம்தான் வரும்.

4:20 ரயிலில் திரும்பினோம். வீடு வர மணி ஆறே முக்கால்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். போன், பயண அட்டை, பெயரும் முகவரியும் எழுதிய தாள், மூன்றும் அவருடைய சட்டைப் பையில்தான் இருக்கவேண்டும், உங்கள் கைப்பையில் அல்ல. 'இவருக்குப் பேச நேரம் வேண்டும், விளங்கும்' என்று அந்தத் தாளில் ஆங்கிலத்தில் ஒரு வரி சேருங்கள். பாபடோய்டோய், பாபகூரா இரண்டும் ஒரே வழியில் வருகின்றன, போகும் முன்பே சொல்லி வையுங்கள். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கிறது, பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். எங்களுக்கு ஒரு வழிக்கு ஆளுக்கு ஏழு டொலருக்குள் முடிந்தது. பிரிந்துபோனால், இறங்கியவர் அசையாமல் இருப்பது, ரயிலில் இருப்பவர் திரும்பி வருவது என்று இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஊழியரிடம் உடனே சொல்லுங்கள், சட்டை நிறத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சொல் தேடுகிறவருக்கு அவசரப்பட்டுச் சொல்லை எடுத்துக்கொடுக்காதீர்கள். இதை நான் செய்த பிழையாகவே சொல்கிறேன்.

போன சனிக்கிழமை டெக்லன் வீட்டில் வயலின் வாசிப்புப் பயிற்சி இருந்தது. அதைக் கேட்க யோகன் தனியே போகிறேன் என்றார். வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். பஸ் ஏறும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கட்டிலில் சாய்ந்தேன். ஆகஸ்டுக்குப் பிறகு பகலில் நான் கண் மூடியதே இல்லை. விழித்தபோது மணி நாலரை. குசினியில் கேத்தில் கொதிக்கும் சத்தம் கேட்டது. அவர் வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, என்னை எழுப்பாமல் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார்.