பன்னிரண்டாவது தளபதி

வங்கியில் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. பணம் எடுக்கும் சீட்டில் உள்ள கையெழுத்தையும் பீரோவில் இருக்கும் மாதிரி அட்டையையும் ஒப்பிடுவதுதான் இருபத்தாறு வருடமாக அவர் உத்தியோகம். ஒரு சுழி பிசகினாலும் சீட்டு திரும்பிவிடும். எதிரே நிற்பது யார், எவர் என்று தலை நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் கிடையாது.

வீட்டிலும் கையெழுத்துதான். பழைய எல்லைப் போரை நடத்திய பன்னிரண்டு தளபதிகளின் படத்தையும், படத்தின் மேலேயே அவர்கள் கையெழுத்தையும் சேர்த்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். பதினொன்று தேறியது. ஒன்றை ஒரு தளபதியின் சமையல்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினார். பன்னிரண்டாவது ஆள் மட்டும் பிடி கொடுக்கவில்லை. அந்த மனுஷர் யாருக்குமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததில்லையாம். அது எப்படி இருக்கும் என்று கண்ணால் கண்டவர் இல்லை. படைவீரர் சங்கத்தின் வழியாகப் பதினோரு வருடம் கடிதம் எழுதினார். பதிலா? மூச்!

"கட்டின பொண்டாட்டி படத்துக்கு ஒரு சட்டம் போட நேரமில்ல, மீசைக்காரங்களுக்கு மட்டும் ஆல்பமாம்!" என்று மனைவி பொரிந்து தள்ளுவாள். அவருக்குக் காது கேட்காது.

நச்சரிப்புத் தாங்காமல் சங்கத்துக் குமாஸ்தா ஒருநாள் விலாசத்தைக் கொடுத்துவிட்டார். அட கடவுளே, வங்கியிலிருந்து நாலே தெரு! ஞாயிற்றுக்கிழமையே படத்தையும் புதுப் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஓடினார்.

மாடியில் சின்ன அறை. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் தொண்ணூறு வயதுத் தளபதி. வலது கை மடியில் நடுங்கிக்கொண்டே இருந்தது. கதவைத் திறந்த மகள் இவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

தளபதி படத்தை வாங்கிப் பார்த்தார். "எனக்கு இவ்வளவு முடி இருந்துச்சா?"

"ஒரே ஒரு கையெழுத்து ஐயா. பதினோரு வருஷமா அலையறேன்."

"எனக்குத்தான் கையெழுத்தே கிடையாதே தம்பி."

மகள் குறுக்கே வந்தாள். "நீங்க பேங்க்ல கையெழுத்து பாக்கறவர்தானே? போன வருஷம் மூணு தடவை அப்பா சீட்டைத் திருப்பிட்டீங்க. மூணாவது தடவை அவரை நாற்காலியோட கூட்டிட்டு வந்தேன். நிமிர்ந்து பாத்தீங்களா?"

அவருக்கு முகம் வெளிறிவிட்டது. அந்தப் பெயரில் கிளையில் ஒன்பது பேருக்குக் கணக்கு இருக்கிறது. அதில் ஒருவர் இவர் என்று எவனுக்குத் தெரியும்? அதை விழுங்கிவிட்டுப் பேனாவைத் தளபதியிடம் நீட்டினார்.

"நடுங்கினாலும் பரவாயில்லீங்க ஐயா. எப்படி வந்தாலும் சரி, போடுங்க."

"இதை அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே!" என்றாள் மகள்.

"விடும்மா, அவர் மேல தப்பில்ல," என்றார் தளபதி. "வீட்டுக்கு வந்து நாலு தாள்ல போட்டுப் பாத்தேன். நாலும் நாலு தினுசு. அதான் கைநாட்டுக்கு மாறிட்டேன். இனிமே பேனாவைத் தொடறதில்ல." மகள் மைப்பெட்டியை நீட்ட, கட்டை விரலைத் தோய்த்துப் படத்தின் மேல் அழுத்தினார். நல்ல மனசோடுதான் வைத்தார். பூதக்கண்ணாடிக்கு ஓவென்று கத்தவேண்டும் போல ஆத்திரம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

படி இறங்கும்போது சுரீரென்று உறைத்தது. மாதிரி அட்டை! கை நடுங்காத காலத்தில் கணக்குத் தொடங்கியபோது போட்ட அசல் கையெழுத்து அதில் இருக்குமே! மூன்று தடவை கையில் எடுத்தும் பார்க்கத் தெரியாத கபோதி ஆகிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். வங்கியின் சொத்து, வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. போகட்டும், ஒரு தடவை கண்ணாரப் பார்த்தால் போதும்.

திங்கட்கிழமை முதல் ஆளாகப் போய்ப் பீரோவைத் திறந்தார். அட்டை இருந்தது. கைநாட்டுக்கு மாறியவர்களின் பழைய கையெழுத்தை ரத்து செய்யவேண்டும் என்பது விதி. விதிப்படி எல்லாம் பிசகில்லாமல் நடந்திருந்தது. கையெழுத்தின் மேல் சிவப்பு முத்திரை மொத்தமாக அப்பியிருந்தது. அதற்கும் மேலே, தேதியோடு குறுக்கே இன்னொரு கையெழுத்து. அடியில் இருந்ததில் ஒரு வால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "யாரோட கையெழுத்துங்க, இப்படி முறைச்சுப் பாக்கறீங்க?"

"என்னோடதுதான்," என்றார் பூதக்கண்ணாடி.