மிளகாய்க் கையும் ஸ்டியரிங்கும்

டிப்போவில் அவளுக்கு ‘அளவுகோல்’ என்று பெயர். அவள் வண்டியை நிறுத்தினால் படிக்கட்டு நடைபாதை விளிம்புக்கு நேராக நிற்கும். ஒரு சாண்கூடத் தள்ளிப் போகாது. பதினோரு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறாள். வண்டியில் ஒரு கீறல் கிடையாது, அவள் பெயரில் ஒரு புகார் கிடையாது.

அவளுடைய கிறுக்கெல்லாம் வீட்டின் பின்பக்கம் இருந்தது. துணிக்கொடிக்குக் கீழே, அடியில் ஓட்டை போட்ட பழைய பெயின்ட் வாளிகள் பதினான்கு. ஒவ்வொன்றிலும் ஒரு மிளகாய்ச் செடி. எல்லாம் கடல் தாண்டிப் போன தங்கையால் வந்த வினை. ஒரு கடித உறையில் இருபது விதைகளைப் போட்டு அனுப்பிவிட்டு, “இது சமையலுக்குப் போடுற மிளகாய் இல்லக்கா. ஒரு கடி கடிச்சா உசுரு போயி வரும். உன்னால வளர்க்க முடிஞ்சா பாரு” என்று போனில் சீண்டிவிட்டாள். தங்கை சீண்டினால் அக்கா சும்மா இருப்பாளா?

ஈரப் பஞ்சில் வைத்த விதை கண் திறக்கவே மூன்று வாரம் ஆயிற்று. முதலில் வந்த பூவெல்லாம் வெயிலுக்கு உதிர்ந்தது. அப்புறம் இலை சுருண்டது. டியூட்டி முடிந்து வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் குந்தி உட்கார்ந்து, இலை இலையாகத் திருப்பி, வேப்பெண்ணெய் கலந்த தண்ணீரால் பூச்சியைத் துடைத்தெடுத்தாள். கடிகாரம் பழுது பார்க்கிற அவள் கணவர் ஜன்னல் வழியாகப் பார்த்து, “எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட என்னை யாரும் இப்படித் துடைச்சுவிடல” என்றார்.

ஆறாவது மாதம் காய் பிடித்தது. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிது, சுருக்கம் விழுந்த தோல், நுனியில் வால். ஒரு நாள் விடியற்காலையில் பார்த்தபோது நான்கு காய்கள் நன்றாகச் சிவந்திருந்தன. ஒன்று வெடிக்கவே தொடங்கியிருந்தது. ஆறு மணிக்கு டியூட்டி. சாயங்காலம் வரை விட்டால் விதை கெட்டுவிடுமோ என்று அவளுக்குப் பதைப்பு. கணவர் வாங்கி வைத்திருந்த ரப்பர் கையுறை கட்டைவிரலில் கிழிந்து போயிருந்தது. நாலே நாலு காய்தானே என்று வெறுங்கையாலேயே அறுத்தாள். நகத்தால் விதைகளை நெம்பி எடுத்துத் தாளில் பரப்பினாள். சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினாள். முகர்ந்து பார்த்தாள், வாசனை இல்லை. கிளம்பிவிட்டாள்.

முதல் நடை ஒரு வம்பும் இல்லாமல் முடிந்தது. இரண்டாவது நடையில் வண்டி நிரம்பி வழிந்தது. மேட்டுச்சாலை உச்சியைத் தாண்டி வண்டி இறங்கத் தொடங்கியது. அங்கே சாலை குறுகல். ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் பள்ளம். இறக்கத்தின் நடுவே ஒரு வளைவு. பின்னாலேயே ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு ஒட்டி வந்தது. புருவத்திலிருந்து வேர்வை வழிந்து வலது கண்ணுக்குள் இறங்கியது. அவள் ஆள்காட்டி விரலால் துடைத்தாள்.

ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றுமில்லை. பிறகு கண்ணுக்குள் யாரோ நெருப்புக் கங்கு ஒன்றை வைத்து அழுத்தியது போல இருந்தது. வலது கண் தானாக மூடிக்கொண்டது. அது மூடியதும் இடது கண்ணும் சேர்ந்து மூடிக்கொண்டது. திறக்கப் பார்த்தாள். இமை கேட்கவில்லை. நீரும் எரிச்சலும் கலந்த ஒரு வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

நகத்திடுக்கு என்று அப்போதுதான் புத்தியில் உறைத்தது. விதையை நெம்பிய அதே விரல்.

பிரேக்கைப் பாதி அழுத்தினாள். முழுசாக அழுத்த முடியாது. நிற்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். பின்னால் வரும் லாரி வளைவில் வந்து மோதும்.

“தம்பி!” என்று கத்தினாள். “முன்னாடி வாங்க! எனக்குக் கண்ணு தெரியல!”

கண்டக்டர் அவளைவிட எட்டு வயது இளையவன். நான்கு வருடமாக அவளோடுதான் ஓடுகிறான். கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து, அவள் முகத்தைப் பார்த்தவன், ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

“நேரா இருக்கு. அப்படியே புடிங்க. வளைவு வருது. இப்ப லேசா இடது. இன்னும். இன்னும் கொஞ்சம். போதும், நேராக்குங்க.”

“எதிர்ல?”

“ஒரு வேன். நிக்கறான். நீங்க போங்க. போங்கக்கா, இடமிருக்கு.”

பின்னால் ஒரு பெண் வீறிட்டாள். “சும்மா இரும்மா!” என்று யாரோ அதட்டினார்கள். பிறகு வண்டிக்குள் பேச்சே இல்லை. அவளுக்கு அவன் குரலும், தன் காலடியில் பிரேக்கும், உள்ளங்கையில் வழுக்கும் ஸ்டியரிங்கும்தான் உலகம்.

“வளைவு முடிஞ்சுது. பத்தடியில சுவர் ஓரமா மண்ணு. இடது திருப்புங்க. மெதுவா. நிறுத்துங்க. நிறுத்துங்க!”

முன்சக்கரம் கல்லில் உரசி வண்டி நின்றது. லாரி சாபம் கொடுத்துக்கொண்டே தாண்டிப் போனது. அவள் கை பிரேக்கைப் போட்டு, “தண்ணி, தண்ணி” என்றாள். பயணிகளின் புட்டித் தண்ணீர் ஒவ்வொன்றாகக் கை மாறி முன்னால் வந்தது. கண்டக்டர் அவள் தலையைச் சாய்த்துப் பிடித்து ஊற்றிக்கொண்டே இருந்தான். ஒன்பது புட்டி தீர்ந்த பிறகு இடது கண் கொஞ்சம் திறந்தது.

“என்னக்கா ஆச்சு?”

“மிளகாய், தம்பி. காலையில அறுத்தேன்.”

அவன் சிரிக்கவில்லை. “வெளிய சொல்லாதீங்க” என்றான்.

மத்தியானம் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மருத்துவமனைக்குப் போய்விட்டு அவள் வருவதற்குள் கண்டக்டர் அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டிருந்தான். ஓட்டுநர் கண்ணில் பூச்சி விழுந்தது, சமாளித்து நிறுத்தினார். அவ்வளவுதான். கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

“போட்டுட்டுப் போயி ரெஸ்ட் எடும்மா” என்றார் மேலாளர்.

பேனாவை எடுத்தாள். அவளைக் காப்பாற்றத்தான் அவன் எழுதியிருக்கிறான். உண்மையைச் சொன்னால் இருவரும் மாட்டுவார்கள். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் விதி என்று ஆகிவிடும்: பூச்சி விழுந்தது, யார் மேலும் தப்பில்லை. வண்டியில் இருந்த எழுபது பேரும் ஒன்றும் தெரியாமல் நாளைக்கும் அவள் வண்டியில் ஏறுவார்கள். அந்த வீறிடல் காதிலேயே இருந்தது.

“பூச்சி இல்ல சார்” என்றாள். “என் கைதான். மிளகாய் அறுத்த கையோட வண்டி எடுத்தேன்.”

மேலாளர் முதலில் சிரித்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கதவருகே நின்ற கண்டக்டர் தரையைப் பார்த்தான்.

அவளுக்கு ஒரு மாதம் ஸ்டியரிங் கிடையாது. வண்டி கழுவும் இடத்தில் வேலை. அவனுக்குப் பொய் அறிக்கை என்று எச்சரிக்கைக் கடிதம். வெளியே வந்ததும் அவன் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினான்.

“உங்களுக்காகத்தானே எழுதினேன்?”

மறுநாளே அவன் வேறு தடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அந்த மாதம் முழுக்க அவள் ஜன்னல் கண்ணாடிகளைத் தேய்த்தாள். வீட்டில் கணவர், “செடியைப் புடுங்கிடலாமா?” என்று கேட்டார். “செடி என்ன பண்ணுச்சு?” என்றாள் வெடுக்கென்று. முழங்கை வரை வருகிற கையுறை ஒன்று வாங்கினாள். டியூட்டி உள்ள நாளில் வாளிப் பக்கமே போவதில்லை. கணவரே தண்ணீர் ஊற்றினார். நாள் முழுக்கக் குடைந்தது வேறு. எழுபது பேரைக் கரை சேர்த்தவன் அந்தக் கண்டக்டர், அவன் கோப்பிலோ எச்சரிக்கைக் கடிதம். கடைசியில் ஒரு தாளை எடுத்து, அந்த இறக்கத்தில் அவன் சொன்னதையெல்லாம் வரிக்கு வரி நினைவிலிருந்து எழுதி, வண்டியை ஓட்டியது அந்தக் குரல்தான் என்று முடித்து, மேலாளரிடம் கொடுத்தாள். அவர் அதைப் படித்துவிட்டு அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார்.

மறுபடி வண்டி கைக்கு வந்த முதல் நாள், அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது பின்பக்கப் படியில் ஏறிய ஆளைப் பார்த்தாள். அவன்தான். டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

“கடிதம் படிச்சேன். பழைய தடத்துக்கே கேட்டு வந்துட்டேன்” என்றான். “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா எச்சரிக்கை அப்படியேதான் இருக்கு.”

“தெரியும்.”

“இன்னும் கோபம் போகல.”

“அதுவும் தெரியும்.”

“கையைக் காட்டுங்க” என்றான். அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள். அவன் பார்த்துவிட்டுப் பின்னால் போய், விசில் ஊதினான். அவள் வண்டியை எடுத்தாள்.