வெள்ளிக் கிரகத்தின் சேராத எண்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ஊர் காஜா பெராங்கில் காகிதம் கிடைப்பதே பெரும்பாடு. அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்கப் போன என் அக்கா, என் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்து, அதில் கிழங்கைச் சுற்றி ஒரு சிப்பாயிடம் கொடுத்துவிட்டாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் என்றைக்கு என்னைக் கேட்டாள்?

அந்தப் பக்கத்தில் பதினைந்து எண்கள். எந்தக் காலத்திலோ ஒரு கடற்படைக்காரர் வெள்ளிக் கிரகத்தின் அளவைத் திரும்பத் திரும்ப எடுத்தபோது, ஒவ்வொரு தடவையும் சராசரியைவிட எவ்வளவு கூடியது, குறைந்தது என்ற கணக்கு. ஒரு எண் மட்டும் மற்றவற்றோடு சேராமல் விலகி நின்றது. அதை வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா என்பதுதான் பாடம். பள்ளிக்கூடத்தை மூடும்வரை நான் கணக்கு வாத்தியார். அந்த எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டவனும் நானே.

கூட்டல் குறி, கழித்தல் குறி, நடுவில் ஒரு வட்டம். ராணுவப் போலீசுக்கு வேறென்ன தோன்றும்? எதிரிக்குப் போகும் ரகசியம் என்று மத்தியானமே அக்காவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வாசலுக்குள் போய்த் திரும்பியவர்கள் குறைவு. ஆனாலும் போனேன்.

அக்கா சுவரோரம் முட்டி போட்டிருந்தாள், உதடு கிழிந்து. மொழிபெயர்க்க, தலைமுறை தலைமுறையாக மலாயே பேசும் எங்கள் பக்கத்துச் செட்டிக்காரர் ஒருவர் நின்றார். அவருக்குத் தமிழ் வராது. அது பள்ளிக்கூடப் பாடம், சேராத அளவைக் கண்டுபிடிக்கும் கணக்கு என்று மலாயில் சொன்னேன். அதிகாரி நம்பவில்லை. பதினைந்து எண்களையும் பார்க்காமலே சொல்கிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் தொலைந்தோம். ஒற்றன்தானே அப்படி மனப்பாடம் செய்வான்.

அதிகாரி தன் சிப்பாய்களைக் கூப்பிட்டான். ஒரே அடிக்கோலைக் கொடுத்து, அறையின் நீளத்தை ஒவ்வொருவனாக அளந்து தனித்தனிச் சீட்டில் எழுதச் சொன்னான். சீட்டுகளை என் முன்னால் பரப்பினான்.

"எது சேரவில்லை?"

எல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தன. ஒன்று மட்டும் எங்கேயோ போயிருந்தது. அதைத் தொட்டேன்.

யாருடையது என்று அதிகாரி கத்தினான். ஒல்லியான சிப்பாய் ஒருவன் முன்னால் வந்தான். கன்னத்தில் விழுந்த அறையில் அவன் கண்ணாடி தெறித்தது. மூக்கில் ரத்தம் வந்த பிறகும் அடி நிற்கவில்லை. பிறகுதான் அதிகாரி எங்களைப் பார்த்துப் போகச்சொல்லிக் கையசைத்தான்.

என் கையைப் பிடித்துக்கொண்டே அக்கா வீட்டுப்பக்கம் நடந்தாள்.

"தம்பி, அவன் தப்பாதான் அளந்தானா?"

"தெரியாதுக்கா. அவன் ஒருத்தன் மட்டும் சரியா அளந்திருக்கலாம். கணக்கு அத சொல்லாது."

"தெரியாமலா கைய வெச்ச?"

"உன்ன வெளிய கொண்டாரணும்ல?"

"அவன் அளந்ததுதான் சரின்னு தெரிஞ்சிருந்தா?"

"அப்பவும் அதத்தான் தொட்டிருப்பேன்."

இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அக்கா என் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.