கருவாட்டுக் கை

எங்கள் வீட்டில் வாசனை என்றால் அது கருவாட்டு வாசனைதான். ஊரார் அதை நாற்றம் என்பார்கள். ஆனால் வாங்குவதற்கு மட்டும் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள்.

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. கோடையில் ஏரி வற்றும்போது கெண்டையும் கெளுத்தியும் கூடை கூடையாகக் கிடைக்கும். அம்மா வயிறு கீறி, குடலெடுத்து, உப்புத் தடவிக் களத்தில் காயவைப்பாள். அப்பா சைக்கிளில் சந்தைக்குக் கொண்டுபோவார். அந்தக் கோடை வியாபாரத்தை வைத்துத்தான் எங்களுக்கு வருஷம் ஓட வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை. ஏரி வற்றிய நேரம் பார்த்து அம்மையும் வந்தது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கவே கூடாது; மீன், கருவாடு வாடையே ஆத்தாளுக்கு ஆகாது. எங்கள் ஊரில் வாசலுக்கு வாசல் வேப்பிலை தொங்கியது. பிறகு சுற்றுப்பட்டு ஊர்களிலும் தொங்கியது. நேற்றுவரை கொசுறு கேட்டு அப்பாவிடம் மல்லுக்கட்டியவர்கள், சந்தையில் அவரைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. விற்காத மூட்டைகளில் புழு வைத்தது.

அப்புறம் என் தங்கைக்கே அம்மை போட்டது. பள்ளிக்கூடத்தில் இன்னும் சேர்க்காத பிள்ளை.

அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, பார்த்துக்கொள்ள வந்தாள். மூட்டைகளை வெளியேற்றச் சொன்னாள். அப்பா குழி வெட்டிப் புதைத்தார். அத்தை அதோடு விடவில்லை.

"அண்ணி, ஆத்தா வூட்டுல இருக்கா. இந்தக் கையோட புள்ளகிட்ட போவாதீங்க."

அம்மா கொல்லையில் உட்கார்ந்து, புளி போட்டும் சாம்பல் போட்டும் கையைத் தேய்த்தாள். முகர்ந்து பார்ப்பாள், மறுபடி தேய்ப்பாள். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. உள்ளே தங்கை "அம்மா, அம்மா" என்று அரற்றிக்கொண்டு கிடந்தாள். வெளியிலிருந்தே பதில் சொல்லிச் சொல்லி அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போனது.

கடைசியில் அத்தை அந்தக் கையை வாங்கி முகர்ந்துவிட்டு, "இப்ப போங்க" என்றாள்.

தங்கையின் இமைமேலெல்லாம் கொப்புளம். கண்ணைத் திறக்க முடியவில்லை. அம்மா அவள் கன்னத்தைத் தொட்டாள். தூங்கப்போகும்போது எப்போதும் செய்வதுபோல, தங்கை அந்தக் கையைப் பிடித்து மூக்கில் வைத்துக்கொண்டாள். உடனே தள்ளிவிட்டாள்.

"இது அம்மா இல்ல. அம்மாவ வரச் சொல்லுங்க."

"நாந்தாண்டி, தங்கம்" என்றாள் அம்மா. கட்டிப்போன அந்தக் குரலையும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் தங்கை போய்விட்டாள். மூச்சு நிற்கும்வரை அம்மாவை வரச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா பக்கத்திலேயேதான் இருந்தாள்.

ஆடி மழைக்கு அம்மை இறங்கியது. பத்தியம் இருந்து நாக்குச் செத்துப்போன சனங்கள் கருவாட்டுக்கு அலைந்தார்கள். அப்பா அணைக்கரைக்குப் போய்க் கொள்ளிடத்து மீனை வாங்கி வந்தார். அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு வியாபாரத்தை நாங்கள் பார்த்ததில்லை. யாருக்கும் அதில் சந்தோஷமில்லை.

அம்மாவும் மறுபடி மீன் கீற உட்கார்ந்தாள். ஆனால் வேலை முடிந்ததும் கை கழுவமாட்டாள். உப்பும் செதிலுமாக அப்படியே எழுந்து உள்ளே போவாள். தங்கை படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்து, தரையில் கையை விரித்து வைப்பாள்.

"அம்மா வந்துட்டேண்டி" என்பாள்.