விதானையாரின் தலைப்படம்

கல்முனையிலிருந்து வந்த பஸ்ஸின் கொண்டக்டர் அக்கரைப்பற்றில் இறங்கி என் கடைவாசலுக்கே வந்து சொன்னார்: "ஒங்கட மச்சான வாய்க்கால்ல வெச்சி வெட்டிப் போட்டாங்க. ஜனாஸா வீட்டுக்கு வந்திட்டு." யார் வெட்டியது என்று நான் கேட்கவில்லை. நம் பகுதியில் அந்தக் கேள்விக்கு எப்போதும் இரண்டு விடைகள் உண்டு; இரண்டும் எதிர்ப்பக்கத்தையே காட்டும்.

என் மச்சான், நிந்தவூர் வட்டவிதானை ஆதம்லெவ்வையை உங்களில் பலருக்கு முதுகு வழியாகவே தெரியும். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவது அவர் வேலை. பங்கிடும் கருவி மண்வெட்டிப் பிடி. முறை தவறி மதகைத் திறந்தவன் முஸ்லிமா தமிழனா என்று அவர் பார்த்ததில்லை. அந்த ஒரு விடயத்திலாவது இங்கே சமத்துவம் நிலவியது. "தண்ணிக்கு வாய் இல்ல மச்சான், அதுக்காக நான் கதைக்கிறன்" என்பார். அவர் கதைத்து முடித்ததும் எதிராளிக்குக் கட்டுப் போட வேண்டியிருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் அந்தக் கை ஓய்ந்தது. மதகைத் திறந்தவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அவருக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று பள்ளிவாசலில் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு நாள் வரம்பில் வலிப்பு வந்து விழுந்தார். கொழும்பில் தலையைத் திறந்து, நெற்றிக்குப் பின்னாலிருந்து தேசிக்காய் அளவில் ஒரு கட்டியை எடுத்தார்கள். அதுதான் அந்தப் பக்குவம். கட்டி மறுபடி வளரக்கூடும், குணம் மாறினால் கொண்டு வாருங்கள் என்றார் டொக்டர். ஊர் திரும்பிய மாதமே, மதகைத் திறந்த ஒருவனை மச்சான் தூக்கி வாய்க்காலுக்குள் எறிந்தார். அவர் மனைவியும் என் அக்காவுமான ராத்தா ஆனந்தத்தில் அழுதுகொண்டே அயலுக்கெல்லாம் நெய்ச்சோறு கொடுத்தா. எறியப்பட்டவனும் வந்து சாப்பிட்டான்.

எண்பதுகளின் நடுவில் நம்மவர்கள் ஒரு கூட்டமாக மண்வெட்டியும் மண்ணெண்ணெயும் கொண்டு வாய்க்காலுக்குப் போனார்கள்; பின்னால் நானும். அக்கரையில் தமிழ் ஆட்களின் காவல் வாடி, ஓலைக் குடிசை. உள்ளே இரண்டு பேர். வழியில் ஒரு சின்னப் பாலம். அதன் நடுவில் மச்சான் இருந்தார்.

"எழும்புங்க விதானையார், நீங்கதான் முன்னுக்கு வரணும்."

"இதால ஒருத்தனும் போறல்ல."

மண்வெட்டிப் பிடியால் விழுந்த முதல் அடியில் மூன்று பற்கள் போயின. இரண்டாவதில் முழங்கை. அவர் கை ஓங்கவில்லை. இரத்தத்தைத் துப்பிவிட்டு, "அடிச்சி முடிஞ்சா வீட்ட போங்க மனே" என்றார். அவரை அடிப்பதற்குப் பழக்கமில்லாத கூட்டம், சலித்துப்போய்த் திரும்பியது. வாடியில் இருந்த இருவரும் உயிர் தப்பினார்கள்.

ராத்தா தலையில் அடித்துக்கொண்டா. "அடி வாங்கிட்டு இரிக்காரே தம்பி! திரும்பி வந்திட்டு, அந்தக் கட்டி!"

மூவரும் கொழும்புக்குப் போனோம். கதிர் வீசும் மருந்தைக் கையில் ஊசியாக ஏற்றி, காத்திருக்க வைத்து, தலைக்கு நேரே பெரிய கமராவை இறக்கினார்கள். கட்டி வளர்ந்திருந்தால் மருந்து அங்கே போய்ச் சேரும், படத்தில் கறுப்பாகத் தெரியும் என்று டொக்டர் விளக்கினார். படத்தில் முன்பு வெட்டிய எலும்பின் ஓரம் மட்டும் இலேசாகக் கறுத்திருந்தது. ஒப்பரேசனுக்குப் பிறகு எடுத்த பழைய படத்திலும் அதே கறுப்பு, அதே அளவு. அது ஆறிய காயம். புதிதாக எதுவும் இல்லை.

"அப்ப இவருக்கு என்ன வருத்தம்?" என்றா ராத்தா.

"ஒரு நோயும் இல்லை."

"அடிச்சாங்களே, சும்மா இரிந்தாரே?"

"அத அவரிட்டதான் கேக்கணும்," என்றார் டொக்டர்.

திரும்பும் வழியில் ராத்தா மச்சானிடமே கேட்டா. "அடிச்சவன் பிடியப் பிடிச்ச விதத்தப் பார்த்தன். அது என்ட கை. நான் அடிச்சிப் பழக்கின கை" என்றார். அதன் பிறகு அவர் மண்வெட்டியை மண் வெட்ட மட்டுமே எடுத்தார்.

போன கிழமை அவரை வெட்டிய கூட்டம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போக வந்தது என்பதில் சாட்சிகளுக்குள் ஒற்றுமை இல்லை. அவர் அதே பாலத்தில் இருந்தார், கை ஓங்கவில்லை என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றாக இருக்கிறார்கள்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது பலர் என் காதில் சொன்னார்கள்: "பாவம், தலையில பழைய வருத்தம். நல்ல புத்தியோட ஒருத்தன் குறுக்க போவானா?" நிலத்தைப் பார்த்தபடி இதைச் சொன்ன ஒருவருடைய கையை, அந்தப் பாலத்தில் நானும் பார்த்திருக்கிறேன்.

இரண்டு படங்களையும் ராத்தா என்னிடம் தந்திருக்கிறா. கடையில்தான் இருக்கின்றன. சந்தேகம் உள்ளவர்கள் வரலாம். பகலில் வாருங்கள், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.